திரும்பி வர்ற கவர்

முத்திரையின் பின்பக்கப் பசைக்கு லேசான இனிப்பும் அதற்கடியில் ஒரு கசப்பும் உண்டு. அதை நக்கிப் பார்க்காமல் வளர்ந்த பிள்ளைகளுக்கு இதை எப்படி விளக்குவது என்று எனக்குத் தெரியவில்லை. எங்கள் வீட்டில் அந்தச் சுவை அக்காவுக்கு மட்டுமே சொந்தம். உக்குவளை ஸ்டேஷனுக்குப் பின்னால் இருந்த வாடகை வீட்டில், சனிக்கிழமை காலைகளில் அவள் மேசை நிறையக் கடதாசி பரப்பி உட்கார்ந்திருக்கும்போது, பத்து வயதுக்காரியான நான் முத்திரைப் பக்கம் கையை நீட்டினால் "போடி, ஒன் எச்சி பட்டா கவர் வழியிலயே தொலஞ்சி போகும்" என்று தட்டிவிடுவாள்.

அக்கா பெயர் புவனேஸ்வரி, வயது பதினைந்து, ஓட்டோகிராப் சேர்ப்பது அவளுடைய பைத்தியம். ஞாயிற்றுப் பத்திரிகையிலிருந்தும் வானொலியிலிருந்தும் விலாசம் பொறுக்கி, கிரிக்கெட் வீரர்களுக்கும் அறிவிப்பாளர்களுக்கும் பாடகிகளுக்கும் அகராதியைப் பிரித்து வைத்துக்கொண்டு ஆங்கிலத்தில் கடிதம் எழுதுவாள். அவ்வளவு பெரிய மனிதர்கள் நம் விலாசத்தை எழுதி முத்திரை வாங்கி ஒட்டி மெனக்கெட மாட்டார்கள் என்பதால், நம் பெயரையும் விலாசத்தையும் நாமே எழுதி முத்திரையும் ஒட்டிய இன்னொரு உறையை மூன்றாக மடித்துக் கடிதத்தோடு வைத்து அனுப்ப வேண்டும். அதற்கு எங்கள் வீட்டில் "திரும்பி வர்ற கவர்" என்று பெயர். ஒரு மாதத்தில் வந்தாலும் வரும், ஒரு வருடத்தில் வந்தாலும் வரும். வந்த படத்தில் இருக்கும் கையெழுத்தின் ஓரத்தில் ஈரவிரலால் தேய்த்துப் பார்ப்பாள். மை கலைந்தால் அசல், கலையாவிட்டால் அச்சு. அச்சு வந்தால் அன்று முழுக்க அவளிடம் யாரும் வாய் கொடுக்க முடியாது.

அந்த வருடம் மழைக்காலத்தில் அக்காவுக்குக் காய்ச்சல் கண்டது. ஒரு வாரம்கூட இல்லை, போய்விட்டாள். அம்மா அறைக்குள் சுவரைப் பார்த்துப் படுத்தவள் எழும்பவில்லை. அத்தை வந்து சமைத்தாள், அப்பா ஊட்டிவிட்டார், அவள் ஒரு வாய் வாங்கி மறு வாயைத் துப்பினாள். பதினாறாம் நாள் கருமாதி முடிந்த மறுநாள் முற்பகலில், தபால்காரர் பண்டா மணியடிக்காமல் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்து கேட்டுக்கு வெளியிலேயே நின்றார். செத்த வீட்டுக்கு வந்து அழுதுவிட்டுப் போன மனிதர்.

"நோனா, பெரிய மகள் எழுதின மாதிரி இருக்கு," என்றார் அத்தையிடம், சிங்களம் கலந்த, தனக்குத் தெரிந்த தமிழில். "கொண்டு வராம இருக்கவும் பயம். கொண்டு வரவும் பயம்."

அக்காவின் எழுத்துத்தான். உக்குவளையின் கடைசி எழுத்துக்கு அவள் போடும் கொம்பு கோழிக்கொண்டை போல இருக்கும். அது அப்படியே இருந்தது. மண்ணுக்குள் வைத்துப் பதினேழு நாள் ஆனவள் தன் பெயருக்குத் தானே எழுதிய கடிதம், புது மைச் சீலோடு வீட்டுக்கு வந்திருந்தது. காரணம் எனக்கு நன்றாகத் தெரியும், உறையை மடித்துக் கொடுத்ததே நான்தான். தெரிந்தும் அத்தையின் பின்னால் போய் நின்றுகொண்டேன். "செத்தவ பேருக்கு வர்ற கடுதாசிய வீட்டுல வைக்கக் கூடாது, எரிச்சிடுங்க," என்றாள் அத்தை.

அறைக்குள்ளிருந்து அம்மா எழுந்து வந்தாள். "அவ எழுதினத நான் எரிக்கணுமா?" என்று கேட்டு உறையை வாங்கிக்கொண்டாள். உள்ளே இருந்த கிரிக்கெட் வீரரின் படத்தை என் கையில் திணித்துவிட்டு, முத்திரையைக் கட்டைவிரலால் தடவினாள். "இதுல அவ எச்சி இருக்கு," என்றாள். அன்று அவளாகவே சோறு போட்டுச் சாப்பிட்டாள்.

அதன்பிறகு நான்கு வந்தன. ஒவ்வொன்றுக்கும் அம்மா கொஞ்சம் கொஞ்சமாக எழும்பினாள், குளித்தாள், அடுப்பு பற்றவைத்தாள். பிறகு நின்றுவிட்டது. முற்பகலானால் கேட்டைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். பண்டா தலையைக் குனிந்துகொண்டு கடந்து போவார். அம்மா உள்ளே போய்ச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வாள். மறுபடி துப்பத் தொடங்கினாள். நான் ஒன்றும் தியாகி இல்லை. இவளும் போய்விட்டால் எனக்கு யார் என்ற பயம்தான்.

அக்காவின் விலாசக் கொப்பியை எடுத்தேன். வந்த உறையொன்றை ஜன்னல் கண்ணாடியில் வைத்து, மேலே தாள் போட்டு, அவள் எழுத்தை வரைந்து வரைந்து பழகினேன். பள்ளிக்கூடக் கொப்பிகளிலும் அதே எழுத்தில் எழுதினேன், "இத யார் எழுதிக் குடுத்தா?" என்று டீச்சர் காதைத் திருகினார். கை படிந்ததும், தின்பண்டத்துக்கு அப்பா தந்த காசில் முத்திரை வாங்கி, முதல் உறையை ஒரு பாடகிக்கு அனுப்பிய கடிதத்தில் வைத்தேன். முத்திரையை நக்கியபோதுதான் அந்தக் கசப்பு எனக்குத் தெரிந்தது.

ஐந்து வாரத்தில் திரும்பி வந்தது. அம்மா வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தாள். "அக்கா எழுத்து கொஞ்சம் மாறியிருக்கு பாரு," என்றாள் என்னிடம், சாதாரணமாக. "வளந்திட்டா போல."

அந்த வீட்டில் அன்றிலிருந்து அக்கா வளர்ந்தாள். ஒவ்வொரு உறைக்கும் அம்மா ஒரு சேதி சொல்வாள். இது அவசரத்தில் எழுதினது, இது சந்தோசமாக எழுதினது. ஒருமுறை "கை நடுங்கியிருக்கு, அவளுக்கு ஒடம்பு சரியில்ல" என்று சொல்லி, கோயிலுக்குப் போய் விளக்குப் போட்டுவிட்டு வந்தாள். அந்த உறையை நான் எழுதியது காய்ச்சலோடு. அந்தக் காய்ச்சலில் எனக்குக் கஞ்சி வைத்தது அப்பா. அம்மா என் நெற்றியைத் தொட்டும் பார்க்கவில்லை. செத்தவள் மீது எனக்குப் பொறாமையாக இருந்தது, இதைச் சொல்ல இப்போது வெட்கமில்லை. சில பகல்களில் கை என் பேச்சைக் கேட்காமல் தானாக ஓடுவதுபோல் இருக்கும், நான் பேனையை வைத்துவிட்டு விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிப் பார்த்துக்கொள்வேன்.

எனக்குப் பதினாறு வயதாகி, அக்காவைத் தாண்டிய வருடம் நிறுத்தினேன். அவளைவிட மூத்தவளாகிவிட்ட பிறகு அவளாக எழுதப் பயமாக இருந்தது. அம்மா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுப்பாள் என்று எதிர்பார்த்தேன், அப்படி நடக்கவில்லை. "அவளுக்கும் வேல இருக்குமில்ல," என்று சொல்லிவிட்டு, உறைகளைச் சேலைத்துண்டில் சுற்றி அலுமாரிக்குள் வைத்தாள். அதற்குப் பிறகு அந்தப் பேச்சு வீட்டில் எழவில்லை.

இப்போது பலாபத்வலையில் என் வீட்டில்தான் அம்மா இருக்கிறாள். அப்பாவும் அத்தையும் இல்லை. தபாலில் கரண்ட் பில்லைத் தவிர ஒன்றும் வருவதில்லை. என் மகள் ஒரு கிரிக்கெட் வீரரைக் கண்டால் கையெழுத்துக் கேட்க மாட்டாள், பக்கத்தில் நின்று போனில் படம் எடுத்துக்கொள்வாள். போன மாதம் ஒரு பகலில், டாக்டர் எழுதித் தந்த மருந்துத் துண்டின் பின்பக்கத்தையும் ஒரு பேனையையும் அம்மா என் முன்னால் வைத்தாள்.

"ஒன் பேர எழுது."

எழுதினேன். அந்தப் பழைய உறையைப் பார்த்ததுபோலவே அதையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"இது அக்கா எழுத்து. ஒன் எழுத்துல எழுது."

எப்போதிலிருந்து தெரியும் என்று நான் கேட்கவில்லை. இன்னொருமுறை எழுதினேன். சாய்த்து எழுதினேன், குட்டி குட்டியாக எழுதினேன், கடைசியில் இடது கையால் எழுதினேன்; கோணல் மாணலாக அக்காவின் எழுத்தே வந்தது.

"வரல்லயா?"

"வரல்லம்மா."

பேனையை என் விரல்களிலிருந்து மெதுவாக எடுத்து மூடினாள். "ஒன்ன நான்தான் பாக்காம விட்டுட்டேன்," என்றாள். பத்து வயதில் நான் எப்படி எழுதினேன் என்று எங்கள் இருவருக்குமே ஞாபகமில்லை.