தேவசகாயம் வக்கீல் கையெழுத்திடாத மனு

பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோதுதான் குமாஸ்தா வந்து சொன்னான். "சாரே, பாறசாலை தேவசகாயம் சார் இன்னைக்குக் காலைல போயிட்டாரு. அறிஞ்சில்லியா?" பேனாவை மூடி வைத்தேன். மாலையில் வக்கீல்கள் கூடிய இரங்கல் கூட்டத்தில் என்னையும் பேசச் சொன்னார்கள். நேர்மை, எளிமை என்று நாலு வார்த்தை சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டேன். அங்கே விழுங்கியதை, அவரை அறிந்த உங்களுக்கு இங்கே எழுதுகிறேன்.

அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது உங்களுக்கெல்லாம் தெரியும். எந்தத் தாளானாலும், அது யாரைப் பற்றியதோ அவரை எதிரே உட்காரவைத்து, தமிழரானால் தமிழிலும் மலையாளியானால் மலையாளத்திலும் படித்துக் காட்டிய பிறகே கையெழுத்துப் போடுவார். "ஓய், இது கோர்ட்டா பள்ளிக்கூடமா?" என்று நானே கிண்டல் செய்திருக்கிறேன். "அவங்க தலையெழுத்தாக்கும் இந்தக் காயிதத்துல இருக்கது. என்ன எழுதியிருக்குன்னு அவங்களுக்குத் தெரியாண்டாமா?" என்பார். எனக்கு அது நேர விரயமாகத்தான் பட்டது.

தொண்ணூறுகளின் நடுவில் ஆட்சி மாறியது. ஆட்சி மாறினால் அரசு வக்கீல்களும் மாறுவது நம் ஊர் வழக்கம். அந்த மாற்றத்தில்தான் அவர் அரசு வக்கீலானார். அப்போது பேச்சியம்மாளின் வழக்கு நடந்துகொண்டிருந்தது. பொன்முடி எஸ்டேட்டில் கொழுந்து கிள்ளுகிற பெண். வேலைநிறுத்தத்தின்போது தொழிலாளர் குடியிருப்பான லயத்துக்குள் புகுந்து அவள் புருஷனின் காலை அடித்து முறித்தவர்களில் முதல் குற்றவாளி, ஆட்சிக்கு வந்த கட்சியின் உள்ளூர்த் தலைவர். வழக்கைக் கைவிடும் மனு ஒன்று மேலிடத்திலிருந்து கவரில் வந்தது. அரசு நினைத்தவுடன் வழக்கைக் கைவிட்டுவிட முடியாது. அரசு வக்கீல் சுயமாக யோசித்து மனுப் போட வேண்டும், நீதிபதி சம்மதிக்க வேண்டும். அந்தக் கவரில் யோசனையும் சேர்த்தே டைப் செய்யப்பட்டிருந்தது. கையெழுத்துக்கு மட்டும்தான் இடம் விட்டிருந்தார்கள்.

அவர் பேச்சியம்மாளை வரவழைத்துப் படித்துக் காட்டினார். நான் பக்கத்து மேஜையில் இருந்தேன். பொதுநலன், சமூக அமைதி என்று போகும் அந்த இரண்டு பக்கத்தையும் கேட்டுவிட்டு, "இதுல எங்க வீட்டுக்காரரு காலப் பத்தி ஒண்ணும் இல்லியே சார்?" என்றாள். "இல்ல, தாயி" என்று சொல்லிப் பேனாவைப் பையில் செருகிக்கொண்டார். அவள் போன பிறகு என் பக்கம் திரும்பினார். "சுயமா யோசிக்கச் சொல்லுது சட்டம். யோசிச்சேன் ஓய். எனக்கு வேற மாதிரியாக்கும் தோணுது."

ஒரே வாரத்தில் அவர் பதவி போனது. அந்த இடத்துக்கு என்னைப் போட்டார்கள். நான் கேட்டு வாங்கவில்லை என்று பலரிடம் சொல்லியிருக்கிறேன். வேண்டாம் என்றும் நான் சொல்லவில்லை. பத்து வருஷமாக அந்த நாற்காலிமேல் எனக்கு ஒரு கண் இருந்தது.

ஃபைல்களை ஒப்படைத்தபோது அந்த மனுவின் மேல் ஒரு சிறு சீட்டைக் குத்தியிருந்தார். 'படித்துக் காட்டவும்' என்று அவர் கையெழுத்தில். சீட்டைக் கழற்றிவிட்டுக் கையெழுத்துப் போட்டேன். "சுயமாக ஆலோசித்தீர்களா?" என்று நீதிபதி கேட்டார். "ஆம்" என்றேன். இரண்டு நிமிஷத்தில் முடிந்தது.

வெளியே வராந்தாவில் பேச்சியம்மாள் நின்றிருந்தாள். விடியற்காலை பஸ் பிடித்து வந்திருப்பாள். "அடுத்த வாய்தா என்னைக்கு சார்?" என்று கேட்டாள். குமாஸ்தா சொல்லுவான் என்று சொல்லிவிட்டு, பின்படி வழியாக இறங்கிப் போய்விட்டேன். தேவசகாயம்தான் அவளைத் தம்பானூர் பஸ் ஸ்டாண்டு வரை கூட்டிப்போய், நடந்ததைச் சொல்லி பஸ் ஏற்றிவிட்டார் என்று பிறகு தெரிந்தது. அவர் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருக்கலாம். "எனக்கு ஒரு காயிதந்தான் வந்தது. உமக்கு இனி வந்துகிட்டே இருக்கும்" என்று மட்டும் சொன்னார்.

வந்துகொண்டேதான் இருந்தன. அதற்குப் பின் ஆட்சி இரண்டு முறை மாறிவிட்டது. எல்லோர் நாற்காலியும் பறிபோகும் ஊரில் என்னுடையது மட்டும் அசையவில்லை. கேள்வி கேட்காமல் கையெழுத்துப் போடுகிறவன் இரண்டு பக்கத்துக்கும் வேண்டியவன். முதலில் என்னுடைய அந்த 'ஆம்' சுருங்கி ஒரு தலையசைப்பானது. இப்போதிருக்கும் நீதிபதி கேட்பதையே விட்டுவிட்டார்.

அந்தச் சீட்டை நான் கிழித்துப் போடவில்லை. ஏனென்று தெரியாது, சட்டப் புத்தகத்துக்குள் வைத்திருந்தேன். அவர் போன செய்தி வந்தபோது என் முன்னால் இருந்ததும் அதே மாதிரி ஒரு மனுதான். கிழக்கேகோட்டையில் ஹர்த்தால் அன்று கடையைத் திறந்ததற்காக, ஒரு கண் போகும் அளவுக்கு அடி வாங்கிய தமிழனின் வழக்கு. சீட்டை எடுத்து அதன்மேல் குத்தினேன். நாளை காலை பத்து மணிக்கு வரும்படி அந்தக் கடைக்காரருக்கு ஆள் அனுப்பியிருக்கிறேன்.

கையெழுத்து ஆயிற்றா என்று மேலிடத்திலிருந்து இரண்டு தடவை போன் வந்துவிட்டது. என் இடத்துக்கு ஆள் பார்த்தாயிற்று என்கிறான் குமாஸ்தா. தேவசகாயத்திடமிருந்து எனக்குக் கிடைத்தது இந்தச் சீட்டு ஒன்றுதான். ஃபைலை ஒப்படைக்கும்போது அது மனுவின் மேலேயே இருக்கும். வருகிறவர் அதைக் கழற்றிவிட்டுக் கையெழுத்துப் போடலாம். எத்தனை சுலபம் என்று எனக்குத் தெரியும்.