பதினோரு புதன்கிழமைகளும் ஒரு செவ்வாயும்

செவ்வாய்க்கிழமை காலை ஆறு நாற்பதுக்குக் கோவையில் கணபதி நிறுத்தத்தில் பேருந்து ஏறினேன். கையில் மூன்று பைகள். ஒன்றில் நீர்மட்ட நாடா. கிணற்றுக்குள் இறக்கினால், நுனி தண்ணீரைத் தொட்டதும் கீச்சென்று கத்தும். இன்னொன்றில் யாழ்ப்பாணத்திலிருந்து கொண்டுவந்து, தின்னாமல் காப்பாற்றி வைத்திருந்த ஏழு பனங்கட்டிக் குட்டான்கள், ஓலைப் பெட்டியில் வார்த்த பனைவெல்லம். மூன்றாவதில் ஐந்து பக்க அறிக்கை, புதிதாக அச்செடுத்தது.

நடத்துநர் இளஞ்சிவப்புச் சீட்டைக் கிழித்து நீட்டினார். நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. வந்த முதல் வாரம் நான் வெளிநாட்டுக்காரி, காசு கொடுக்க வேண்டாமா என்று இதே மனிதரிடம் கேட்டேன். "மகளிர்னா மகளிர்தானுங்க, அதுல என்ன வெளிநாடு உள்நாடு" என்று சொல்லிவிட்டுப் போனார். மூன்று மாதத்தில் இந்தியாவைப் பற்றி எனக்குக் கிடைத்த தெளிவான பதில் அது ஒன்றுதான்.

நான் யாழ்ப்பாணத்துக்காரி. கல்லூரியில் நிலவியல் கற்பிக்கிறேன். நாற்பத்தொரு வயதில், பிள்ளைகள் கேலி செய்யச் செய்ய, முனைவர் பட்டத்துக்குப் பதிந்தேன். விஷயம் கிணறு. எங்கள் ஊரில் சுண்ணாம்புக் கல். பன்னிரண்டு அடியில் தண்ணீர் தெரியும். கொங்கு நாட்டிலோ கரும்பாறையை நூறு அடி வெட்டி இறங்குகிறார்கள். கோடையில் இந்தக் கிணறுகள் என்ன பாடுபடுகின்றன என்று பார்க்கத்தான் வந்தேன். கணபதியில் ஒரு லேத் பட்டறைக்கு மேல் அறை. புதன்கிழமைதோறும் சூலூர்ப் பக்கம் ஓர் ஊரில் ஏழு கிணறுகளின் ஆழம் பார்ப்பேன். ஊரின் பெயரைச் சொல்லமாட்டேன். காரணம் போகப்போகத் தெரியும்.

காந்திபுரத்தில் இறங்கி, சூலூருக்குத் தனியார் பேருந்து. பதினெட்டு கிலோமீட்டர், இருபது ரூபாய். வழக்கமான நாள் புதன். ஆனால் புதன் பிற்பகல் மூன்று மணிக்கு மேல் எனக்குச் சென்னை ரயில், அடுத்த நாள் யாழ்ப்பாணத்துப் பலாலிக்கு விமானம். கடைசி அளவையும் எடுத்து எல்லாரிடமும் விடைபெற்று ரயிலைப் பிடிக்க முடியாது என்று திங்கள் இரவு படுக்கையில் தோன்றியது. யாருக்கும் சொல்லாமல் ஒரு நாள் முன்னதாகவே கிளம்பிவிட்டேன்.

மனது நிறைந்திருந்தது. ஆராய்ச்சி நன்றாக முடிந்திருந்தது. பதினோரு புதன்கிழமைகளிலும் ஆறு கிணறுகளின் தண்ணீர் அறுபத்தைந்து அடிக்குக் கீழே இறங்கவில்லை. என் பேராசிரியருக்கு, 'இந்த ஊர்க் கிணறுகள் கோடையைப் பொருட்படுத்துவதே இல்லை' என்று பெருமையாக மின்னஞ்சல் அனுப்பியிருந்தேன். ஏழாவது கிணறு, ரங்கசாமி என்பவருடையது, அது மட்டும் தொண்ணூறு அடிக்குப் போய் முரண்டு பிடித்தது. பாறையில் வெடிப்பு இருக்கவேண்டும் என்று அதற்கு ஒரு முழுப் பக்கம் விளக்கம் எழுதி, கணக்கிலிருந்து அதைத் தள்ளிவைத்தேன். எழுதிய பக்கங்களிலேயே அழகான பக்கம் அது.

அறிக்கையின் ஒரு பிரதியைத் தங்கவேல் கேட்டிருந்தார். அவர் தோட்டத்துக் கிணற்றில்தான் என் வேலை எப்போதும் தொடங்கும். ஊர்க் குளத்துக்கு வாய்க்கால் தண்ணீர் விடச் சொல்லி ஊரார் மனுக் கொடுக்கிறார்கள். கூடவே என் அறிக்கையையும் வைத்தால் எடுபடும் என்பது அவர் எண்ணம்.

சூலூரிலிருந்து ஆட்டோ, ஏழு கிலோமீட்டர், நூற்றைம்பது ரூபாய். எட்டரைக்குத் தோட்டத்து வாசலில் இறங்கினேன். மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. மூன்று மாதத்தில் அந்தச் சத்தத்தை நான் அங்கே கேட்டதே இல்லை. எப்போது வந்தாலும், "இப்பத்தானுங்க நிறுத்துனேன்" என்பார் தங்கவேல். நானும் குறிப்பேட்டில் 'இப்போது நிறுத்தப்பட்டது' என்று எழுதிக்கொள்வேன்.

தென்னைக்கு மண் அணைத்துக்கொண்டிருந்தவர் என்னைப் பார்த்ததும் மண்வெட்டியைக் கீழே போட்டார்.

"ஏனுங்க மேடம், இன்னைக்குச் செவ்வாக்கெழமைங்களே."

"ஓம் அண்ணை. நாளைக்கு ரயில். அதுதான் இண்டைக்கே வந்திட்டன். குறை நினையாதேங்கோ."

"அதுக்கில்லீங்க. ஒரு போன் பண்ணியிருக்கலாமுங்கல்ல. மொதல்ல ஊட்டுக்குள்ள வாங்க, காப்பி குடிக்கலாம்."

அவர் கால்கள் வீட்டை நோக்கி நடக்கவில்லை, மோட்டார் அறையை நோக்கி நடந்தன. நான் அவருக்கு முன்னால் கிணற்றடிக்குப் போய் நாடாவை இறக்கினேன். அறுபதில் கத்தவேண்டியது கத்தவில்லை. எழுபதில் இல்லை. எண்பதில் இல்லை. நாடா சிக்கிக்கொண்டதாக நினைத்து இழுத்துப் பார்த்தேன். தொண்ணூற்று நான்கில் கீச்சென்றது. எட்டிப் பார்த்தால் அடியில் கலங்கல் தண்ணீர், சேற்றுக்கு மேல் கொஞ்சம்.

மோட்டாரை நிறுத்தியதும் அறுபதில் நின்ற கிணறு ஆறு நாளில் முப்பது அடி இறங்காது. இது எனக்குத் தெரியும். பிள்ளைகளுக்குப் பாடம் எடுப்பதே இதைத்தான். அப்படியானால் நான் புதன்கிழமைகளில் பார்த்தது என்ன?

"அண்ணை, உண்மையைச் சொல்லுங்கோ. நான் வாற நாளில மோட்டாரை எப்ப நிறுத்துறனீங்கள்?"

தங்கவேல் தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். பதில் அவர் மனைவி சரோஜாவிடமிருந்து வந்தது. கையில் பால் கேனோடு பின்னால் நின்றிருந்தார்.

"முந்தின நாளே நிறுத்திப்போடுவோமுங்க அம்மணி. இனி எதுக்கு மறைக்கிறது."

"ஏன்?"

"விருந்தாளி வர்றப்ப வெறுங்கெணத்தக் காட்டலாமுங்களா?"

நான் கிணற்றுச் சுவரில் உட்கார்ந்துவிட்டேன். சரோஜாவும் பக்கத்தில் உட்கார்ந்து, கேனை மடியில் வைத்துக்கொண்டு விவரமாகச் சொன்னார். இந்தப் பக்கத்தில் சம்பந்தம் பேச வருகிறவர்கள் வீட்டுக்குள் நுழையும் முன் கிணற்றைத்தான் எட்டிப் பார்ப்பார்களாம். மாப்பிள்ளை படிப்பு, சம்பளம் எல்லாம் அப்புறம். அதனால் பெண் வீட்டார் வருகிறார்கள் என்றால் முந்தின நாள் சாயங்காலமே மோட்டாரை நிறுத்திவிடுவது வழக்கம். இரவெல்லாம் ஊறி, காலையில் கிணறு நிறைந்து நிற்கும். என்னையும் அந்தக் கணக்கில் சேர்த்துவிட்டார்கள்.

"என்னையும் அப்படித்தானுங்க கட்டிக்கொடுத்தாங்க," என்றார் சரோஜா. "எங்கப்பா எட்டிப் பாத்துப்போட்டு, கடலாட்டம் கெடக்குதுன்னு வந்து சொன்னாரு. கல்யாணமாகி நாலா நாள் நானு குடத்தோட வந்து பாத்தா, தரை தெரியுது."

தங்கவேல் தென்னை மரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். இந்த ஊரின் பெயரை நான் ஏன் எழுதவில்லை என்பது இப்போது புரிந்திருக்கும். அங்கே இன்னும் கல்யாணமாகாத பையன்கள் இருக்கிறார்கள்.

கேட்க வேடிக்கையாக இருந்தாலும் எனக்குச் சிரிப்பு வரவில்லை. கோபம் வந்தது, கண்ணும் கலங்கியது. மூன்று மாத வெயில், பதினோரு பயணம், பேராசிரியருக்கு அடித்த தம்பட்டம், எல்லாம் ஒரு நாள் ஓய்வெடுத்த கிணறுகளைப் பார்த்துச் செய்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேட்டிருக்கிறேன். இவர்கள் முப்பது அடிப் பள்ளத்தைத் தண்ணீரில் மறைத்திருக்கிறார்கள். பையிலிருந்த அறிக்கையை எடுத்துத் தங்கவேலிடம் நீட்டினேன்.

"இதை மனுவோட வைச்சிருந்தா என்ன நடந்திருக்கும் தெரியுமே? கிணறெல்லாம் நிறைஞ்சு கிடக்கு, குளத்துக்குத் தண்ணி வேண்டாம் எண்டு நானே கையெழுத்துப் போட்டுத் தந்த மாதிரி."

அவர் முதல் பக்கத்தைப் படித்தார். படித்துவிட்டு, "தப்புப் பண்ணிப்போட்டோமுங்க மேடம்," என்று மெல்லச் சொன்னார். கோபத்தை மேலே கொண்டுபோக எனக்கு மனம் வரவில்லை.

"மற்ற ஆறு கிணறும் இப்படித்தானே?"

"அஞ்சுங்க. நாந்தான் வாட்சப் குரூப்புல போட்டுவுடுவேன்," என்றார் சரோஜா. "ரங்கசாமிக்கு மட்டும் சொல்லலீங்க. வேலித் தகராறுல அவங்களும் நாங்களும் பேசி ரெண்டு வருசமாச்சு."

என் வாழ்நாளில் யாரும் என்னை இவ்வளவு அழகாக அறைந்ததில்லை. எதைக் கோளாறு என்று தள்ளினேனோ, அந்த ஏழாவது கிணறு ஒன்றுதான் உண்மை பேசியிருக்கிறது. பாறையில் வெடிப்பு ஒன்றும் இல்லை. வெடிப்பு இரண்டு வீட்டுக்கு இடையில் இருந்தது.

ஒன்பதே காலுக்குச் சந்தகை வந்தது. எங்கள் இடியப்பத்துக்குத் தம்பி முறை, தேங்காய்ப்பாலும் சர்க்கரையும் சேர்த்துத் தருகிறார்கள். வேண்டாம் என்றேன். "கோவத்தக் கோவமா வெச்சுக்குங்க, சோத்துமேல காட்டாதீங்க அம்மணி," என்று சரோஜா தட்டைக் கையில் திணித்தார். மூன்றாவது வாய் உள்ளே போனபோதுதான் மூளை வேலை செய்தது.

"அக்கா, அந்தக் குரூப்பை ஒருக்கால் காட்டுங்கோ."

போனை வாங்கிப் பார்த்தேன். 'கெணறு ஆராய்ச்சி' என்று பெயர் வைத்திருந்தார்கள். என்னைச் சேர்க்காமல் எனக்காக ஒரு குழு. ஒவ்வொரு செவ்வாயும் சரோஜாவின் செய்தி: 'நாளைக்கு மேடம் வர்றாங்க. எல்லாரும் மோட்டார நிறுத்திருங்க.' அதற்குக் கீழே வரிசையாகப் பதில்கள். 'நிறுத்தியாச்சுங்க.' மாலை ஆறு மூன்று. 'ஆப் பண்ணியாச்சு.' ஆறு பத்து. 'ஓகேங்க, நிறுத்திட்டேன்.' ஆறு இருபத்திரண்டு. ஒவ்வொன்றுக்கும் ஓரத்தில் நிமிடக் கணக்கோடு நேரம். பதினோரு வாரமும் ஒன்று விடாமல்.

தட்டைக் கீழே வைத்துவிட்டேன். மோட்டார் நின்ற நேரம் தெரியும். நான் அளந்த நேரம் தெரியும். இடையில் எவ்வளவு ஊறியிருக்கிறது என்பதும் தெரிந்துவிட்டால், ஒரு கரும்பாறைக் கிணறு ஒரே இரவில் எவ்வளவு மீளும் என்று சொல்லிவிடலாம். இதை அளக்க வேண்டுமானால் ஐந்தாறு விவசாயிகளை வாரம் ஒரு நாள் ஒரே நேரத்தில் மோட்டாரை நிறுத்தச் சொல்லவேண்டும். கெஞ்சிக் கேட்டாலும் எந்த ஊரிலும் நடக்காது. இவர்கள் கேட்காமலே செய்திருக்கிறார்கள். கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது என்பார்கள். என் பூதம் நல்ல பூதமாக இருந்தது.

எல்லாம் தேறிவிடவில்லை. ஒருவர் எப்போதும் மறுநாள் காலையில்தான் 'நேத்தே நிறுத்தியாச்சுங்க' என்று போடுவார். அவர் கிணறு போனது போனதுதான். கணக்கில் இன்னும் இல்லாதது மோட்டார் ஓடும்போதுள்ள ஆழம். அதற்கு இருந்தது இந்த ஒரு பகல்.

"அக்கா, ஒண்டு போடுங்கோ. இண்டைக்கு ஒருத்தரும் மோட்டாரை நிறுத்தவேண்டாம் எண்டு."

சரோஜா தட்டினார். உடனே பதில் வந்தது: 'ஏனுங்க, மேடம் வரலீங்களா?'

'வந்துட்டாங்க. இருந்தாலும் ஓடட்டும்.'

பத்து மணியிலிருந்து ஒன்றரை வரை தங்கவேலின் மொபெட்டில் கிணறு கிணறாகப் போனோம். தொண்ணூற்றொன்று, எண்பத்தெட்டு, தொண்ணூற்றேழு. ஒவ்வொரு வீட்டிலும் பனங்கட்டியைக் கொடுத்து விடைபெற்றேன். ஒவ்வொரு வீட்டுக்காரரும் கிணற்றைக் காட்டக் கூச்சப்பட்டு, இளநீரை வெட்டிக் கையில் கொடுத்தார். எத்தனை குடித்தேன் என்று கேட்காதீர்கள்.

ரங்கசாமி தோட்டத்து வேலியோரம் தங்கவேல் வண்டியை நிறுத்திவிட்டார். உள்ளே வரவில்லை. நான் தனியாகப் போய் அளந்து, அவர் கிணற்றுப் பாறையில் வெடிப்பு என்று தப்பாக எழுதிவிட்டேன், மன்னிக்க வேண்டும் என்றேன்.

"எங்கெணறு ஓட்டைக் கெணறுன்னு எழுதிப்போட்டீங்களாமா?" என்றார் ரங்கசாமி.

"ஓம், எழுதினன். இப்ப அடிச்சுப்போட்டு, ஏழிலையும் நம்பக்கூடியது இது ஒண்டுதான் எண்டு எழுதப்போறன்."

அவர் வேலிக்கு அப்பால் நின்ற தங்கவேலைப் பார்த்தார். "அதை மனுவுல சேப்பாங்களா?"

"கேட்டுப் பாருங்கோ."

கேட்கவில்லை. ஆனால் மனுத்தாளைக் கொண்டுவரச் சொன்னார். நான் அதைத் தங்கவேலிடமிருந்து வேலிக்கு மேலாக வாங்கிக் கொடுத்தேன்; கையெழுத்துப் போட்டு என்னிடமே திருப்பிக் கொடுத்தார். இரண்டு வருடத் தகராறு தீர்ந்துவிட்டது என்று எழுத ஆசைதான். தீரவில்லை. காகிதம் மட்டும் வேலியைத் தாண்டியது.

இரண்டு மணிக்கு அரிசிம்பருப்புச் சாதம். அதன்பின் வெள்ளைத் தாளில் ஏழு கிணறுகளின் இன்றைய ஆழத்தை எழுதிக் கையெழுத்திட்டு மனுவோடு வைத்தேன். ஐந்து பக்க அறிக்கையை நானே கிழித்தேன். அழகான அந்தப் பக்கத்தைக் கிழிக்கும்போது மட்டும் கொஞ்சம் வலித்தது. பேராசிரியருக்கு அங்கிருந்தே எழுதினேன்: 'முன்பு எழுதியது தவறு. இப்போது கையில் இருப்பது அதைவிட நல்லது.' என்ன பதில் வரும் என்ற பயம் இல்லை. கையில் இருப்பது உண்மை.

ஐந்தரைக்குச் சூலூர் பேருந்து நிலையம். தங்கவேல் பையைத் தூக்கிக்கொண்டு வந்து ஜன்னலோர இருக்கை பிடித்துக் கொடுத்தார். யாழ்ப்பாணத்தில் கிணற்றை எட்டிப் பார்த்தால் நம் முகமே தெரியும், ஒளித்துவைக்க இடமில்லை. அதற்காக நாங்கள் உத்தமர்கள் இல்லை. விருந்தாளி வந்தால் உடைந்த நாற்காலியை அறைக்குள் தள்ளிப் பூட்டிவிட்டுத்தான் வாசலுக்கு வருவோம். அந்தப் பூட்டிய அறையைத் திறந்து காட்டும் அளவுக்கு யாரோடு பழகியிருக்கிறோம் என்று எண்ணிப் பார்த்தால், ஊரில் எனக்கு நாலு பேர் தேறமாட்டார்கள்.

"அடுத்த கோடைக்கு வருவீங்கல்லங்க?" என்று கீழே நின்று கேட்டார் தங்கவேல்.

"கட்டாயம் வருவன் அண்ணை. சித்திரையிலையே வந்திடுவன்."

ஓட்டுநர் ஹாரன் அடித்தார். மூன்று மாதமாக என்னை மேடம் என்பதைத் தவிர வேறு விதமாக அழைத்தறியாத மனிதர், நகர்ந்த பேருந்தோடு நாலு எட்டு நடந்துவந்தார்.

"வர்றப்ப சொல்லிப்போட்டு வராதீங்க அம்மணி," என்றார். "சும்மா வாங்க."