ஆயாக் கொட்டகைக்குக் கூரை போட்ட சனிக்கிழமை

வீட்டில் அப்போது எல்லோரும் நம்பியது ஒன்றுதான்: என் அண்ணன் மகன் தினேஷை யாரோ மதம் மாற்றிக்கொண்டிருக்கிறார்கள். தொழிற்சாலை வேலை போனபின் மாதக்கணக்கில் அறைக்குள்ளேயே கிடந்தவன், திடீரென்று சனிக்கிழமைதோறும் ஒரு கிறிஸ்துவப் பெண்ணோடும் முஸ்லிம் பையனோடும் தோட்டம் தோட்டமாகப் போகிறான் என்றால் வேறென்ன பொருள்? அவனை அழைத்துவரும் பொறுப்பு அத்தையான என்மேல் விழுந்தது.

காலை எட்டு மணிக்குச் சிரம்பானில் வாடகைக் கார் ஏறினேன். கோலா சாவாவுக்கு முப்பது வெள்ளி. ரந்தாவ் சாலையின் இருபுறமும் எண்ணெய்க்கு வளர்க்கும் செம்பனைத் தோட்டங்கள்; இரவு மழையில் நனைந்த மட்டைகள் வெயிலில் மினுங்கின.

"கூரை போடுற பசங்ககிட்டயா ஆன்ட்டி?" என்றார் ஓட்டுநர். "மூணு சாமிக்காரங்களும் ஒரே ஏணியில ஏறுறாங்களாம்லா. மழை எந்தச் சாமி பேச்சைக் கேக்குதுன்னு பாப்போம்!"

சிரித்துவிட்டேன்.

ஒன்பது மணிக்குள் தோட்டத்தில் இருந்தேன். வேலைக்குப் போகும் தாய்மார்கள் ஒருகாலத்தில் குழந்தைகளை விட்டுச் சென்ற ஆயாக் கொட்டகை அது. தோட்டத்துப் பிள்ளைகளின் படிப்பறையாகப் போகிறது. சுவரெங்கும் புதுச் சாயம், தரையெல்லாம் ஜிங்க் தகடுகள். நடுவில் தினேஷ், சிரிக்கும் தினேஷ், கையில் துளையிடும் கருவி. அதற்குச் சந்தனமும் குங்குமமும் அழகாக வைத்திருந்தான்.

அப்போதுதான் வந்த அந்த முஸ்லிம் பையன் பரீத், கருவியைப் பார்த்து நின்றான்.

"டேய் மச்சான், ட்ரில்லுக்குக் கல்யாணமா?" என்று தொடங்கியவன் குரல் தாழ்ந்தது. "இது சூராவ் சாமான்டா. தொழுகை நடக்கிற இடத்துல இருந்து நான் கேட்டு வாங்கியாந்தது. சாயங்காலம் எப்படித் திருப்பிக் குடுப்பேன்?"

தினேஷின் முகம் வெளிறியது. கருவியைக் கீழே வைத்துவிட்டுப் பையைத் தோளில் மாட்டினான். "வாங்க அத்தை, போலாம். நான் தொட்டாலே எல்லாம் கெட்டுப் போவுது."

அழைத்துப்போகத்தான் வந்திருந்தேன். ஆனாலும் கால் நகரவில்லை.

"எங்க ஓடுற?" கிறிஸ்துவப் பெண் ஆக்னஸ் வழியை மறித்தாள். "கோவிச்சுக்காம கேளு, மறைக்காம சொல்லு. அதானே நம்ம பேச்சு? பரீத், நீ கேளு."

பரீத் தகட்டுக் குவியலில் உட்கார்ந்தான். "சரி. ஏன் வெச்ச?"

"எங்கப்பா ரப்பர் மரத்துல பால் வெட்டுற கத்திக்கு வெப்பாரு. சோறு போடுற சாமான், கையை வெட்டக்கூடாதுன்னு கும்பிடுவாரு. ரொம்ப நாள் கழிச்சு வேலைன்னு ஒண்ணு கையில எடுத்தேனா... அந்தச் சந்தோசத்துல, யார் சாமான்னு யோசிக்கல."

"நான் பிஸ்மில்லா சொல்லிட்டுத்தான் ஏணியில ஏறுவேன்."

"நான் சிலுவை போட்டுக்குவேன்," என்றாள் ஆக்னஸ். "ஆக, விழுந்துடுவோம்னு பயம் மூணு பேருக்கும் இருக்கு!"

சிரிப்பு வெடித்தது. ஆனால் பரீத் விட்டுக்கொடுக்கவில்லை. "துடைச்சிடு மச்சான். உன் சொந்தச் சாமானுக்கு என்ன வேணாலும் வை. சூராவ் சாமான்னா முதல்ல என்னைக் கேளு."

தினேஷ் துணியை நனைத்து, இடுக்கெல்லாம் பொறுமையாகத் துடைத்தான். பரீத் வாங்கிப் பார்த்தான். பிறகு கருவியை அவனிடமே நீட்டினான். "ஏறு."

ஏறினான். முதல் தகட்டில் முதல் திருகு இறங்கியதும் கீழே நின்ற பிள்ளைகள் கூச்சலிட்டார்கள், அவர்களோடு நானும்.

எங்கள் வீட்டில் ஒருவரோடொருவர் சண்டை வந்தால் வாரக்கணக்கில் பேச்சு நின்றுவிடும். இங்கே ஒரு தேநீர் ஆறுவதற்குள் கேட்டு, சொல்லி, துடைத்து முடித்துவிட்டார்கள்.

நான்கு மணிக்குக் கார் வந்தது. "இன்னும் ரெண்டு வரிசை இருக்கு அத்தை," என்று மேலிருந்து கத்தினான் தினேஷ். "அடுத்த வாரம் பகாவ் தோட்டத்துல கூரை வேலை. அப்பாகிட்ட சொல்லிடுங்க!"

நான் மட்டும் காரில் ஏறினேன். கூரைமேல் மூவரும் இருந்தார்கள்.