திரையில் தெரிந்த என் பாதம்

காவலர் எழுத்துத் தேர்வில் தேறிவிட்டேன். ஓட்டத் தேர்வு நெருங்கும் நேரம் பார்த்து வலது காலின் வெளிப்பக்கம் சுரீரென்று வலிக்க ஆரம்பித்தது. எலும்பில் விரிசலோ என்று பயந்த என் கணவர், திருமயத்திலிருந்து புதுக்கோட்டைக்கு, ஒரு பிசியோதெரபி மையத்துக்கு அழைத்துப் போனார்.

அங்கே தரையில் ஒரு நீளமான ரப்பர் விரிப்பு. அதன்மேல் ஓடினால் பாதம் எங்கெங்கே அழுந்துகிறது என்பதைக் கம்ப்யூட்டர் திரை நிறம் நிறமாகக் காட்டுமாம். ஷூவோடு ஓடிவிட்டுத் திரும்பிப் பார்த்தால், அட, என் பாதங்கள்! இடது பாதம் முழுசாகத் தெரிந்தது. வலதில் வெளி ஓரம் மட்டும் செக்கச்செவேலென்று இருந்தது. விரல்கள் இருக்க வேண்டிய இடம் காலி.

"விரலை ஊன்றவே பயப்படுறீங்களே, ஷூவுக்குள்ள என்ன இருக்கு?" என்று கேட்டார் பிசியோதெரபிஸ்ட் அக்கா.

கழற்றிக் காட்டினேன். வலது கால் மெட்டி கொஞ்சம் இறுக்கம். ஓடும்போது குத்தாமலிருக்க அதன்மேல் துணி சுற்றியிருந்தேன்.

"மெட்டியைக் கழட்டக் கூடாதுல்லக்கா, அதான்..." என்று இழுத்தேன்.

கணவர் சிரித்துவிட்டார். "நாந்தான் குத்துக்கல்லாட்டம் ஒக்காந்திருக்கேன்ல! இங்கிட்டு குடு."

கழற்றிக் கொடுத்துவிட்டு மறுபடி ஓடினேன். திரையில் ஐந்து விரல்களும் பளிச்சென்று வந்தன! எனக்குக் குதிக்க வேண்டும்போல இருந்தது. சில நாள் ஓய்வில் வலியும் போய்விட்டது.

இப்போதெல்லாம் மெட்டியை அவரிடம் கொடுத்துவிட்டுத்தான் மைதானத்தில் இறங்குகிறேன். தேர்வன்று எல்லைக்கோட்டைத் தாண்டி நிமிர்ந்தபோது, வேலிக்கு வெளியே கூட்டத்தில் அவரை உடனே கண்டுபிடித்துவிட்டேன். உயர்த்திய கைகளில், இரண்டு சுண்டுவிரலிலும் மெட்டி மின்னியது.