வசந்தாமணி வேகம் கூட்டிய கணிப்பொறி

வசந்தாமணி அவர்கள் காலமான செய்தியை நேற்றுக் காலை குன்னூர் மார்க்கெட்டில் எங்கள் பழைய மானேஜர் சொன்னார். காய்கறிப் பையோடு அப்படியே நின்றுவிட்டேன். வசந்தாமணியை ஒருமுறையாவது முந்த வேண்டும் என்று நினைத்தே பல வருடம் ஓட்டியவள் நான்.

தேயிலை விலை சரிந்து கிடந்த காலம் அது. குன்னூரை ஒட்டிய ஒரு தேயிலை ஃபாக்டரி அலுவலகத்தில் கணிப்பொறி வேலைக்கு நாங்கள் இருவர்தாம். மேட்டுப்பாளையத்துக்காரரான அவர் எனக்குப் பின்னால் சேர்ந்தவர்.

செலவைக் குறைக்க ஜெனரேட்டரை நிறுத்தினார்கள். கரண்ட் போனால் யூபிஎஸ்தான். அது தாக்குப்பிடிக்கட்டும் என்று லினக்ஸில் பிராசஸரின் வேகத்தை அடிமட்டத்தில் நிறுத்தி வைத்தேன். மானேஜர் பாராட்டினார். ஏலத்துக்கான சரக்கு விவரம் தயாரிக்கும்போது கரண்ட் போயிற்று. கணிப்பொறி ஊர்ந்தது. வேலை முடியுமுன் யூபிஎஸ் அணைந்தது. அந்த வாரம் எங்கள் தேயிலைத் தூள் ஏலத்துக்குப் போகவில்லை.

"ஏனுங்க பிரேமா, மெதுவா ஓட்டுனா அத்தனை நேரமும் மானிட்டரும் டிஸ்க்கும் கரண்ட் திங்குமுங்களே," என்றார் வசந்தாமணி. "வேலை வந்தா வேகமா ஓடி முடிக்கட்டும். முடிச்சதும் தூங்கட்டுமுங்க."

வேலைக்குத் தக்கபடி வேகம் தானாகக் கூடிக் குறையுமாறு மாற்றினார். அடுத்த மின்வெட்டில் சரக்கு விவரம் முழுதும் அச்சாகி வந்த பிறகும் யூபிஎஸ் அணையவில்லை. அணைந்து தொலையாதா என்று பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு, இருவரில் ஒருவரைத்தான் வைத்துக்கொள்ள முடியும் என்றார்கள். அவரை வைத்துக்கொண்டார்கள். நான் வெலிங்டனில் ஒரு ஜெராக்ஸ் கடையில் சேர்ந்தேன். சில நாளில் அங்கேயே வந்து நின்றார்.

"எம்மேல கோபமுங்களா?"

"சந்தோசப்பட முடியலீங்க."

"உங்க எடத்துல இருந்தா எனக்கும் அப்படித்தானுங்க இருக்கும்," என்றவர், கடைக் கணிப்பொறி பக்கம் காதைச் சாய்த்தார். "ஃபேன் ரொம்ப இரையுதே. நான் பாக்கட்டுங்களா?"

"வேண்டாங்க."

சிரித்துவிட்டு, கொண்டுவந்ததை நகல் எடுத்துக்கொண்டு போனார்.

அதன்பின் நெல்லியாளம் வரை பல ஃபாக்டரிகளில் அவரை அழைத்துக் கணிப்பொறிகளைச் சரிசெய்துகொண்டார்கள். ஒவ்வொரு செய்தியும் எனக்குச் சுருக்கென்றது.

இன்று அவர் வீட்டு வாசலில் நிற்க இடமில்லை. மானேஜர் குலுங்கி அழுதார். என் சாவுக்கு இத்தனை பேர் வருவார்களா என்று அங்கேயும் எனக்குத் தோன்றியது. "கூட வேலை பாத்தவங்க, வழி விடுங்க," என்று யாரோ சொல்ல, கூட்டம் விலகி என்னைத் தலைமாட்டில் நிற்க வைத்தது. அவர் நெற்றியில் கை வைத்தேன்.

போய் வாருங்கள், வசந்தாமணி. உங்கள் மேல் இன்னமும் பொறாமையாகத்தான் இருக்கிறது.