கழிவு மச்சான்

என் மனைவியின் அண்ணனுக்கு நான் வைத்த பெயர் 'கழிவு'. வருமான வரியில் எதையெல்லாம் கழித்துக்கொள்ளலாம் என்பதைத் தவிர அவர் வாயில் வேறு பேச்சு வராது. அந்தச் சொல்லுக்கு இன்னொரு பொருளும் உண்டு என்பது எனக்குத் தெரியும். தெரிந்தேதான் வைத்தேன்.

பெரிய கம்பெனியில் பெரிய உத்தியோகம். வீட்டுக்கடன் வாங்கியது வரிக்காக. நன்கொடை கொடுத்தது வரிக்காக. அவருக்குத் தும்மல் வந்தால்கூட அதற்கு ரசீது கிடைக்குமா என்று பார்ப்பார். பெற்ற தாய்க்கு மருத்துவக் காப்பீடு எடுத்ததும் அப்படித்தான். பெற்றோருக்குக் கட்டும் பிரீமியத்தை வருமானத்தில் கழித்துக் காட்டினால் வரி குறையுமாம். ஆனால் சொந்தக்காரர் வீட்டு விசேஷங்களில் பேச்சு வேறு மாதிரி இருக்கும்.

"அம்மாவுக்கு எல்லாம் நான்தான்" என்பார், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு.

அந்த அம்மா இருந்தது எங்கள் வீட்டில். நான் வாஷிங் மெஷின் ரிப்பேர் செய்கிறவன். கீழே கடை, மேலே இரண்டு அறை. அதில் காற்றோட்டமான அறை அத்தைக்கு. கண்ணுக்குச் சொட்டு மருந்து விடுவது, நகம் வெட்டிவிடுவது, அவர் சொன்னதையே சொல்லும்போது முதல்முறை கேட்பதுபோல் கேட்பது, எல்லாம் என் மனைவி. துணிக்கடையில் நாள் முழுக்க நின்றுகொண்டே பில் போட்டுவிட்டு வந்து இத்தனையும் செய்வாள். அத்தையோ பக்கத்து வீட்டுக்காரியிடம், "என் பையன் வருஷம் தவறாம இன்சூரன்ஸ் கட்டறான்" என்று பெருமை அடித்துக்கொள்வார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். வாயை மூடிக்கொண்டு கடைக்கு இறங்கிவிடுவேன்.

ஒரு நாள் காலை அத்தை குளியலறையில் வழுக்கி விழுந்தார். இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. சீக்கிரம் ஆபரேஷன் செய்யாவிட்டால் படுத்த படுக்கைதான் என்றார் டாக்டர். நான் பாலிசி அட்டையை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரியின் காப்பீட்டுப் பிரிவுக்கு ஓடினேன். அங்கிருந்த பெண் எண்ணைத் தட்டிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள்.

"இது முடிஞ்சு ஆறு மாசம் ஆச்சு சார். யாரும் புதுப்பிக்கல."

ஸ்ட்ரெச்சருக்குப் பக்கத்தில் நின்றபடியே என் மனைவி அண்ணனுக்குப் போன் போட்டாள். வராந்தா இரைச்சலில் காது கேட்காமல் ஸ்பீக்கரில் வைத்தாள்.

"ஓ, அதுவா? நான் இப்ப புது வரி முறைக்கு மாறிட்டேன்மா. அதுல இந்தக் கழிவெல்லாம் கிடையாது. அப்புறம் கட்டி என்ன பிரயோஜனம்? விட்டுட்டேன்."

"ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நாங்க கட்டியிருப்போமேண்ணா!"

"சரி விடு, மறந்துட்டேன். மீட்டிங்ல இருக்கேன்."

கட்டி என்ன பிரயோஜனமாம்! பெற்றவளின் உடம்பில் வரி மிச்சமாகிறவரை அவள் அம்மா. மிச்சம் நின்றதும் விட்டுவிட்டாராம். இப்போது புதிதாக எடுக்கப்போனாலும் முறிந்த எலும்புக்கு எந்தக் கம்பெனி தரும்? எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அத்தை படுத்தபடியே, "வேலை அதிகம் அவனுக்கு, மறந்திருப்பான்" என்றார். அதைக் கேட்டதும் இன்னும் எரிந்தது.

என் மனைவி கழுத்தில் கையில் இருந்ததைக் கழற்றி அடகு வைத்தாள். சாமான் ஏற்றும் வண்டியை நான் விற்றேன். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது.

மச்சான் வந்தது வீட்டுக்குக் கிளம்புகிற அன்று. கையில் ஒரு பை ஆப்பிள். வலிக்கிறதா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. நேராக என்னிடம் வந்தார். முகமெல்லாம் பல்.

"மாப்பிள்ளை, ஒரு நல்ல விஷயம். காப்பீடு இல்லாத வயசானவங்களுக்கு ஆகுற வைத்தியச் செலவையே கழிச்சுக்கலாமாம். நான் பழைய முறைக்கே திரும்பிடறேன். நீங்க பணத்தை எனக்கு அனுப்பிடுங்க, நான் என் கணக்குலேர்ந்து கட்டிடறேன். பில் மட்டும் என் பேர்ல இருக்கட்டும்."

சட்டையைப் பிடிக்கப் போனேன். என் மனைவி குறுக்கே வந்து நின்றுகொண்டாள். "மனுஷனாய்யா நீ?" என்று நான் கத்திய கத்தலில் பக்கத்துக் கட்டில்காரர் எழுந்து உட்கார்ந்தார்.

அந்த நேரம் பார்த்து பில் போடும் பெண் உள்ளே வந்தாள். எங்களை மாறி மாறிப் பார்த்தாள். பிறகு, நல்ல சட்டை போட்டிருந்தவர் அவர்தான் என்பதால் அவரிடமே கேட்டாள்.

"பில் யார் பேர்ல சார்? நீங்க பேஷண்டுக்கு என்ன உறவு?"

மச்சான் வாயைத் திறப்பதற்குள் கட்டிலிலிருந்து குரல் வந்தது. அத்தை தலையணையிலிருந்து தலையைத் தூக்கியிருந்தார்.

"பில்லை என் மாப்பிள்ளை பேர்ல போடும்மா. அந்த சார் சும்மா பார்க்க வந்தவரு. பார்க்கற நேரம் முடிஞ்சதும் போயிடுவாரு."