பனியனோடு சௌனாவுக்கு வந்தவன்

யார்க்கோவுக்கு வயது நாற்பத்தாறு. வர்காவுஸ் நகராட்சியில் பனி தள்ளும் வண்டி ஓட்டுகிறான். பொய் சொல்லிப் பழகாதவன், அதனாலோ என்னவோ அதிகம் பேசவும் மாட்டான். எங்கள் அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில், துணியில்லாமல் உட்கார்ந்து வியர்க்கும் நீராவி அறையான சௌனாவில், வெள்ளிக்கிழமை ஆறு மணி முறை பதினோரு வருடமாக எங்கள் இருவருக்கும்தான். யாராவது செத்தால்தான் அந்த முறைப் பட்டியலில் அடுத்த பெயர் நகரும் என்று கட்டடத்தில் சொல்வோம்.

முடிதான் அவன் பெருமை. இளவயதில் நடனக் குழுவில் கித்தார் வாசித்த காலத்தில் தோள்வரை வளர்த்திருந்தான். நாற்பதைத் தாண்டியதும் உச்சியில் வெளிச்சம் விழ ஆரம்பித்தது. நான் சும்மா விடுவேனா. அடுப்புக் கல்லில் தண்ணீர் ஊற்றும்போதெல்லாம், "கொஞ்சம் உன் மண்டையிலயும் ஊத்தட்டாடா, கல்லவிட நல்லா சீறும்" என்பேன். அவனும் சிரிப்பான். சிரிக்கிறவனுக்கு வலிக்காது என்று நினைத்துக்கொண்டேன். என் வாய்க்கு அன்றைக்கே யாராவது பூட்டுப் போட்டிருக்கலாம்.

இரண்டு வருடத்துக்கு முன்பு யாருக்கும் தெரியாமல் முடி உதிர்வுக்கு மாத்திரை போட ஆரம்பித்தான். இணையத்தில் ஒரு மருத்துவரிடம் மருந்துச் சீட்டு வாங்கினான். உள்ளூர் மருந்துக்கடையில் தெரிந்த முகம் இருக்கும் என்று அடுத்த பெரிய ஊரான குவோபியோ வரை வண்டி ஓட்டிப் போய் வாங்கி வந்தான். முடி உதிர்வது நின்றது. எட்டாவது மாதம் மனைவி மெர்வியின் பக்கம் திரும்பவே அவனுக்குத் தோன்றவில்லை. பிறகு மார்புக் காம்புகளின் அடியில் கட்டிபோல ஏதோ தடித்து, தொட்டால் வலித்து, மெல்ல வீங்கியது. மருத்துவரிடம் சொல்லக் கூச்சம். உடற்பயிற்சிக்காரர்கள் வாங்கும் இணையதளம் ஒன்றில் ஆண் ஹார்மோன் கூட்டும் குளிகைகளை வரவழைத்து அதையும் விழுங்கினான். வீக்கம் இன்னும் கூடியது.

இதெல்லாம் எனக்கு அப்போது தெரியாது. "இதயம் கொஞ்சம் சரியில்ல, சூடு ஆகாதாம்" என்று சொல்லி அவன் வெள்ளிக்கிழமைகளில் வராமல் போனதுதான் தெரியும். ஒரு நாள் படிக்கட்டருகே சௌனா முறை எழுதிய பலகையில் தன் பெயரை அவனே அடித்திருந்தான். எனக்குச் சுருக்கென்றது. ஏன் என்று கேட்டிருக்கலாம். நாங்கள் கேட்க மாட்டோம். பேசாமல் இருக்கிறவனைப் பேசாமல் விடுவதுதான் எங்களுக்கு மரியாதை. ஐந்து மாதம் அந்த மரியாதையைக் கொடுத்துக்கொண்டே உள்ளுக்குள் கறுவினேன்.

மே மாதம் கட்டடத்தார் எல்லாரும் சேர்ந்து முற்றம் பெருக்கினோம். தொத்திறைச்சி வாட்டித் தின்ற பிறகு ஆண்கள் ஒன்றாகச் சௌனாவுக்குப் போவது வழக்கம். அன்றைக்கு அவனால் நழுவ முடியவில்லை. எல்லாருக்கும் கடைசியாக உள்ளே வந்தான், சாம்பல் நிற பனியனோடு. சௌனாவுக்குள் துணியோடு வருவது பூட்ஸோடு கட்டிலில் ஏறுவது மாதிரி.

"என்னடா, எங்ககூட உக்கார அவ்ளோ கேவலமா இருக்கா?" என்றேன். "கழட்டு, இல்லன்னா வெளிய போ."

அவன் போகவில்லை. கழற்றினான்.

மூன்றாம் மாடி அஹ்தி சட்டென்று அடுப்பைப் பார்த்தான். மற்றவர்களும் அங்கேயே பார்த்தார்கள். நான்தான் அவன் மார்பைப் பார்த்துவிட்டேன்.

"முடிக்கு மாத்திர போட்டேன் பெத்ரி," என்றான் யார்க்கோ. "நீ சிரிக்காம இருப்பியேன்னு."

பிறந்ததிலிருந்து சௌனாவில் உட்கார்ந்தவன் நான். அம்மணமாக இருக்கிறேன் என்பது அன்றுதான் எனக்கு முதல்முறையாக உறைத்தது.

"என் மச்சானுக்கும் இப்படி ஆச்சு. டாக்டரப் போய்ப் பாரு" என்று அஹ்தி அடுப்பிடம் சொல்வதுபோலச் சொன்னான்.

திங்கட்கிழமை நான்தான் அவனைச் சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப் போனேன். குளிகைகளை உடனே நிறுத்தச் சொன்னார் மருத்துவர், மாத்திரையையும்தான். ரத்தம் எடுத்தார். வீக்கம் வற்றலாம், வற்றாமலும் போகலாம், அப்படியானால் அறுவைச் சிகிச்சை என்றாராம். திரும்பும் வழியில், "மெர்விகிட்ட சொல்லணும்" என்றான்.

"நான் வேணா கூட வரட்டா?"

"படுக்கை விஷயத்துக்கு நீ எதுக்குடா."

நியாயம்தான். பலகையில் அவன் பெயரை என் கையாலேயே திரும்ப எழுதினேன். மூன்று வெள்ளி தனியாகவே உட்கார்ந்திருந்தேன். நான்காவது வெள்ளி வந்தான். பனியன் இல்லை, கைகளை மட்டும் மார்பின் குறுக்கே கட்டியிருந்தான். மாத்திரை நின்றதில் உச்சி முடி மறுபடி உதிர ஆரம்பித்திருந்தது. என் பக்கத்தில் உட்கார்ந்து தலையை என் முன்னால் குனிந்து நீட்டினான்.

"சரி, இப்ப சொல்லு" என்றான். "மண்டையில ஊத்தட்டான்னு கேப்பியே."

தண்ணீர்க் கரண்டி என் கையில்தான் இருந்தது. அதை என் மண்டையிலேயே கவிழ்த்துக்கொண்டேன்.